உடன் வராதவர் பெயரும்

கம்மாபுரத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு விண்ணப்பம் எழுதிக்கொள்ள வருகிறவர்களில், நெய்வேலிச் சுரங்கத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகள் சிலர், பி.ஆர். என்று அவர்கள் சொல்லும் கனடா தேசத்து நிரந்தரவாச உரிமையை நாடி வருகிறார்கள்.

சென்ற மாசியில் வந்த இளைஞர், முதல் மனைவி காலமானபின் மறுமணம் செய்துகொண்டவர். மூத்தாள் பெற்ற எட்டு வயதுப் பெண் பாட்டியிடம் வளர்கிறாள். “அவள் இப்போது வரவில்லையே ஐயா, பெயர் எதற்கு? நான் போய்ச் சேர்ந்தபிறகு அழைத்துக்கொள்கிறேன்” என்றார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

தாய்மார்களே, இதைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். கூடவே பிரயாணம் செய்தாலும் செய்யாவிட்டாலும் மனைவி மக்கள் அனைவரையும் விண்ணப்பத்தில் பிரஸ்தாபித்து, ஊரில் தங்குகிறவரையும் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தவேண்டும் என்பது அந்நாட்டு விதி. அவ்வாறு செய்யாது விட்டால், 2002 ஜூன் 28 முதல் அமலிலிருக்கும் குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117-ஆம் பிரிவு, பெற்ற தகப்பனே பின்னாளில் பொறுப்பேற்று அழைத்தாலும் அக்குழந்தையைக் குடும்ப வகுப்பில் ஏற்க மறுத்துவிடும். 2019-ல் வந்த தற்காலிகத் தளர்வு அகதிகள் முதலான சிலருக்கே உரியது. வேலைத் தகுதியின் பேரில் செல்லும் நம் பிள்ளைகள் அதை நம்பியிருக்கலாகாது.

மறுநாள் பேத்தியின் பெயரைச் சேர்ப்பதற்காகப் பாட்டியம்மாள் மஞ்சள் பையிலிருந்து எடுத்த பிறப்புச் சான்றிலோ, தேதி இருந்தது, பெற்றோர் இருந்தனர், குழந்தையின் பெயர் இல்லை. “பாப்பா என்றே கூப்பிட்டுவிட்டோம் சாமி” என்று அந்த அம்மாள் கண்கலங்கியபோது, பிறந்த ஓராண்டுக்குள் கட்டணமின்றியும் அதன்பின் 15 ஆண்டுகள்வரை கட்டணம் செலுத்தியும் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று நான் சொல்லிய ஆறுதல், என் தொழிலில் நான் மனநிறைவோடு சொன்ன வார்த்தைகளில் ஒன்று.

கனடா விதியின் வயது விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்: பொதுவாக மணமாகாத, 22 வயது நிரம்பாத பிள்ளைகளே சார்ந்திருப்போர். 2017 அக்டோபர் 24-க்கு முன் சில ஆண்டுகள் இந்த வரம்பு 19 ஆக இருந்தது. பூர்த்தியான விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளின் வயதே பொதுவாகக் கணக்கு. தாய் தந்தையர் சார்ந்திருப்போரில் அடங்கார். அவர்களுக்கு வழி வேறு.

நேரம் முடிகிறது. பாட்டியும் பேத்தியும் விருத்தாசலத்தில் ரயிலேறிச் சென்னை சென்று பரிசோதனை முடித்து வந்துவிட்டார்கள். உங்கள் பெட்டியிலிருக்கும் சான்றுகளையும் இன்றிரவே ஒருமுறை பிரித்துப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.