நர்ஸிங் முடித்த மகளை இன்னும் இரண்டு வருடம் படிக்க விடுங்கள்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செவிலியர் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பெண் பிள்ளை நர்ஸிங் படிப்பதை நம் வீடுகளில் விரும்பாத காலம் ஒன்று இருந்தது. இன்று தாய்மார்களே விண்ணப்பத்தோடு மகளை அழைத்து வருகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். நோயாளிகளைப் பராமரிப்பது நமக்குப் புதிய வேலை அல்ல. நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே மதீனாவில் கூடாரம் அமைத்துக் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தவர் ருஃபைதா அல் அஸ்லமிய்யா (ரலி) அவர்கள். அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களை அந்தக் கூடாரத்தில்தான் வைத்துப் பார்த்தார்கள்.

பி.எஸ்சி. நர்ஸிங் முடித்த பிறகு நம் பெண்கள் என்ன ஆகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். நான்கு வருடம் படிக்கிறார்கள், நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்கிறார்கள், ஒன்றிரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார்கள். நிக்காஹ் முடிந்ததும் “நைட் டியூட்டி ஒத்துவராது” என்று வேலையை விட்டுவிடுகிறார்கள். நர்ஸ் வேலை என்றால் ஆஸ்பத்திரி வார்டு மட்டும்தான் என்று நாம் நினைத்துவிட்டோம். ஜகாத்தும் ஸதகாவும் சேர்த்து நாம் படிக்க வைத்த படிப்பு அலமாரியில் சான்றிதழாகத் தங்கிவிடுகிறது.

எம்.எஸ்சி. நர்ஸிங்கில் ஐந்து பிரிவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சமுதாய நலச் செவிலியம். பள்ளிப் பிள்ளைகளின் ஆரோக்கியம், குடும்பங்களை வீடு தேடிப் போய்க் கவனிப்பது, தொழிலாளர் நலம், கிராம சுகாதாரம் எல்லாம் இதில் அடங்கும். இந்த வேலை பெரும்பாலும் பகலில் நடக்கிற வேலை. பள்ளிக்கூடத்திலும் வீட்டு வாசலிலும் நடக்கிற வேலை.

பள்ளிக்கூடத்தில் நர்ஸுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 1902இல் நியூயார்க் நகரத்தில் கண்நோய், தோல்நோய், பேன் என்று காரணம் சொல்லி ஏழைப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பினார்கள். லில்லியன் வால்ட் என்ற செவிலியர், தம்மோடு பணியாற்றிய லீனா ராஜர்ஸை ஒரு மாதச் சோதனையாகப் பள்ளிகளுக்கு அனுப்பினார். அவர் பிள்ளைகளுக்கு அங்கேயே மருந்து போட்டார், வீட்டுக்குப் போய்த் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு வருடத்தில் வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. நகர நிர்வாகமே மேலும் பல செவிலியர்களைப் பள்ளிகளுக்கு நியமித்தது.

நம் ஊருக்கு வருவோம். 2013 முதல் நம் நாட்டில் ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத் திட்டம் நடக்கிறது. பிறப்பிலிருந்து 18 வயது வரை பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் தேடிக் கண்டுபிடிக்கும் திட்டம். மருத்துவர்களும் செவிலியரும் கொண்ட குழு வருடத்திற்கு ஒருமுறை பள்ளிக்கு வரும். நல்ல திட்டம்தான். ஆனால் அது அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் உரியது. ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் சுயநிதிப் பள்ளிகளிலும் மதரஸாக்களிலும் படிக்கும் பிள்ளைகளை யார் பார்ப்பது?

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண் பிள்ளைகளில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படியென்றால் பத்துப் பிள்ளைகளில் ஆறு பேர். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்கிறோம். அந்தப் பிள்ளை வகுப்பில் தூங்குவாள், மாடி ஏறினால் மூச்சு வாங்குவாள். நாம் அவளைச் சோம்பேறி என்போம். கரும்பலகை தெரியாத பிள்ளையை மக்கு என்போம்.

காயத்துக்குக் கட்டுப்போட எந்த நர்ஸும் போதும். மேற்படிப்பு படித்தவள் அதற்கு மேலும் ஒரு வேலை செய்வாள். ஒரு வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு ரத்தம் குறைவாக இருந்தால் ஏன் என்று தேடுவாள். காலையில் சாப்பிடாமல் வருகிறார்களா, வயிற்றில் பூச்சியா, மாதவிடாயில் அதிகம் போகிறதா, சாப்பிட்டவுடன் டீ குடிப்பதால் இரும்புச் சத்து உடம்பில் சேராமல் போகிறதா என்று கணக்கெடுப்பாள். வீட்டுக்குப் போவாள், பதிவேடு வைப்பாள், ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்ப்பாள். எம்.எஸ்சி.யில் ஓர் ஆய்வு செய்து முடிக்க வேண்டும் என்பது இந்தப் பயிற்சிக்காகத்தான்.

குடும்ப நலத்திலும் இப்படித்தான். ரமலான் வந்தால் நம் வீட்டு வாப்பாமாரும் உம்மாமாரும் சர்க்கரை மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள், அல்லது வழக்கமான அளவையே போட்டுக்கொண்டு மயங்கி விழுகிறார்கள். நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று ஆலிம்கள் விளக்கியிருக்கிறார்கள். இதையெல்லாம் ஸஹர் நேரத்தையும் நம் சாப்பாட்டையும் அறிந்த நம் வீட்டுப் பெண் சொன்னால் எவ்வளவு எளிதாகப் புரியும்! ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூசுகிற விஷயத்தையும் தாய்மார்கள் அவளிடம் சொல்வார்கள். அவள் தானாக மருந்து எழுதிக் கொடுக்க மாட்டாள். யாரை, எப்போது, எந்த மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

மகள்களே, படிப்பின் விவரத்தைக் கவனியுங்கள். பி.எஸ்சி. நர்ஸிங்கிலோ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யிலோ குறைந்தது 55 சதவீத மதிப்பெண் வேண்டும். கவுன்சில் பதிவும் ஒரு வருட வேலை அனுபவமும் வேண்டும். ஜி.என்.எம். முடித்தவர்கள் முதலில் இரண்டு வருட போஸ்ட் பேசிக் படிக்க வேண்டும். எம்.எஸ்சி. இரண்டு வருட முழுநேரப் படிப்பு. சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளின் செவிலியர் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இருக்கிறது. தமிழ்நாட்டில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. சாதிச் சான்றிதழை முன்னதாகவே எடுத்து வையுங்கள். தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டும் முன் இந்திய நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரமும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் உள்ளதா என்று பாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். படித்து முடித்ததும் பள்ளி நர்ஸ் வேலை தயாராகக் காத்திருக்காது. பெரும்பாலான பள்ளிகளில் அப்படி ஒரு பதவியே இல்லை. கல்லூரியில் கற்பிக்கப் போகலாம், பொது சுகாதாரத் திட்டங்களில் சேரலாம். பள்ளிப் பதவியை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். அறக்கட்டளை தன் உதவித்தொகையை பி.எஸ்சி.யோடு நிறுத்தாமல், வருடத்திற்கு ஒரு பெண்ணுக்காவது எம்.எஸ்சி. சமுதாய நலச் செவிலியம் படிக்கத் தர வேண்டும். நம் மஹல்லாவின் பள்ளிகளும் மதரஸாவும் சேர்ந்து பொதுவாக ஒரு செவிலியரை நியமிக்க வேண்டும். தனியாக ஒரு பள்ளியால் முடியாத சம்பளத்தை நாலு இடம் சேர்ந்தால் கொடுக்க முடியும். மூன்றாவது பெற்றோருக்கு. நிக்காஹ் பேசும்போதே மகளின் மேற்படிப்பையும் வேலையையும் பேசி முடிவு செய்யுங்கள். மாப்பிள்ளை வீட்டாரும் பெரிய மனதோடு கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு வருகிற மருமகள் இந்த மஹல்லாவுக்கே பயன்படுகிறவள்.

நாம் கொடுக்கும் இரண்டு வருடக் கட்டணம் எத்தனையோ பிள்ளைகளின் பார்வையாகவும் ரத்தமாகவும் திரும்பி வரும். அது ஸதகத்துல் ஜாரியா. அல்லாஹ் அதற்கு நமக்குத் தவ்ஃபீக் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.