விறகுக்குப் பாராங் வாங்கும்போது
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீட்டு வசதி என்று பேசி வரும் இந்த மேடையில் ஒரு வெட்டுக்கத்தியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் பால்மரம் வெட்டுகிறவருக்கு முதல் என்ன இருக்கிறது? இரண்டு கைகள்தான். விடியலில் உளி பிடிக்கும் கையே பிற்பகலில் பாராங் பிடிக்கிறது. இடது கைப் பெருவிரலில் ஆழமாக ஒரு வெட்டு விழுந்தால் எத்தனை நாள் மரத்தடிக்குப் போக முடியாது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லயத்து வீடுகளுக்குக் காஸ் அடுப்பு வந்துவிட்டது, மெய்தான். எனினும் கோவில் திருவிழாச் சமையலும், கல்யாண வீட்டு அண்டாவும், வெந்நீர் அடுப்பும் இன்னும் விறகைத்தான் கேட்கின்றன. அந்த விறகிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 1952-ல் மறுநடவு நிதி ஏற்பட்ட காலத்தில், வெட்டிச் சாய்த்த கிழ ரப்பர் மரம் பெரும்பாலும் அடுப்புக்கும் புகைக்கொட்டகைக்கும் போயிற்று. இன்று அடிமரம் நாற்காலி மேசை செய்யும் ஆலைக்கு லோரியில் ஏறுகிறது. நமக்கு மிஞ்சுவது கிளை. மணிக்கட்டுப் பருமன், மிஞ்சினால் முழங்கால் பருமன். இதற்குக் கோடரி அதிகம். பாராங்தான் பொருத்தம்.

கடையில் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? தொங்குகிறவற்றில் நீளமானதாக, பளபளப்பானதாக ஒன்றைக் காட்டி விலை கேட்கிறோம். பத்து நாளில் அது கட்டையில் மாட்டிக்கொள்கிறது; இழுத்தால் கைப்பிடி மட்டும் வருகிறது. புல்லும் புதரும் சாய்க்கும் மெல்லிய கத்தி வேறு, விறகுக் கத்தி வேறு. மெல்லிய கத்தியின் தகடு இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். பச்சைச் செடியில் காற்றுப்போல ஓடும். கட்டையில் பட்டால் துள்ளும், அல்லது ஆழப் பதிந்து அசையாது. பிளப்பதற்கு ஆப்புப் போன்ற உடம்பு வேண்டும். முதுகு கைப்பிடியருகே கால் அங்குலத் தடிப்பில் தொடங்கி நுனிக்குப் போகப் போக மெலிய வேண்டும். வாயின் இரு பக்கமும் சற்றே புடைத்திருக்க வேண்டும். அந்தப் புடைப்புத்தான் மரத்தை இரண்டாக ஒதுக்கித் தள்ளுகிறது. தட்டையாகத் தேய்த்த வாய் மரத்துக்குள் சிறைப்பட்டுப் போகும்.

நீளத்தில் ஆசை வைக்காதீர்கள். விறகு பிளக்க வாய் 12 அங்குலம் போதும். உயரக் கிளை கழிக்கிறவருக்கு 14 அல்லது 16 அங்குலம் உதவும். பாரம் நுனிப்பக்கம் சற்று மிகுந்திருக்க வேண்டும். ஒரு விரலின் மேல் கத்தியைக் கிடத்திப் பாருங்கள். கைப்பிடிக்கு இரண்டு மூன்று அங்குலம் முன்னே நிலைத்து நின்றால் வெட்டும்போது கத்தியே பாதி வேலை செய்யும்.

இங்கே ஆண்களிடம் ஒரு கேள்வி. வீட்டுக்கு ஒரு கத்தி என்று உங்கள் கைக்கு ஏற்றதை வாங்குகிறீர்கள். பால் எடுத்து வந்து, சோறு வடித்து, பிறகு அந்த விறகைப் பிளப்பது யார்? பல வீடுகளில் உங்கள் மனைவிமார். கனத்த கத்தி களைத்த கையில் திசை மாறும். கட்டைக்கு வைத்த வெட்டு முழங்காலில் விழும். யார் பிளக்கிறார்களோ அவர்களைக் கடைக்கு அழைத்துச் சென்று, அவர்கள் கையில் கொடுத்து வீசச் சொல்லி வாங்குங்கள்.

இரும்பைப் பற்றி: கம்பத்துக் கொல்லர்கள் லோரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்துப் பாராங் செய்வது நெடுநாள் வழக்கம். நல்ல வழக்கம். அந்த எஃகு அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே பிறந்தது, நூற்றுக்கு 0.6 பங்கு கரி சேர்ந்தது. ஒழுங்காகத் துவைச்சல் கொடுத்தால் வாயும் நிற்கும், முதுகும் முறியாது. துருப்பிடிக்காத மலிவுத் தகட்டைச் சமையலறைக்கு விட்டுவிடுங்கள். கத்தியை விரலால் சுண்டினால் மணிபோல் நாதம் வரவேண்டும். மொட்டென்று ஒலித்தால் உள்ளே விரிசலோ கைப்பிடியில் தளர்ச்சியோ இருக்கலாம். வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வாங்கிய பின் நல்ல கத்தியை நாமே கெடுப்பதும் உண்டு. அவசரத்துக்கு எமரிச் சக்கரத்தில் பிடிக்கிறோம். பொறி பறக்கிறது, வாயோரம் நீலம் பாய்கிறது. நீலம் பாய்ந்த இடத்தில் துவைச்சல் போயிற்று என்று பொருள். எத்தனை தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிலைக்காது. அரமும் தண்ணீர்க் கல்லும் போதும்.

கைப்பிடிதான் உயிர் காக்கும் இடம். இரும்பு வால் மரத்துக்குள் குத்தி, பிசின் ஊற்றி இறுக்கிய பிடி அழகாகத்தான் இருக்கும். ஆனால் முதுகில் தட்டித் தட்டிப் பிளக்கும் வேலையில் அது நாளாவட்டத்தில் தளரும். பிளப்பதற்கென்றே வாங்கினால், இரும்பு பிடியின் கடைசிவரை ஓடி, ஆணி அடித்து இறுக்கியதை வாங்குங்கள். பிடியின் அடி சற்று வளைந்திருந்தால் வியர்வைக் கை வழுக்காது. சைக்கிள் டியூப்பைச் சுற்றிக்கொள்கிறோமே, பிடிமானத்துக்கு நல்லது; ஆனால் அதற்கடியில் இருக்கும் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள்.

கிராணிமார்களுக்கு ஒரு விண்ணப்பம். ஸ்டோருக்குக் கத்தி கேட்டு எழுதும்போது நீளத்தை மட்டும் எழுதுகிறீர்கள். அதனால் புல்வெட்டும் கத்தி வந்து சேர்ந்து, மரம் கழிக்கிறவர் கைக்குப் போகிறது. முதுகின் தடிப்பையும், என்ன வேலைக்கு என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். உங்கள் பேனாவின் ஒரு வரி ஒருவருடைய விரலைக் காக்கும்.

பிளக்கும் முறையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிறு கட்டையை இடது கையால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு ஓங்கி வெட்டாதீர்கள். கத்தி வாயைக் கட்டையின் தலையில் லேசாகப் பதித்து, கத்தியையும் கட்டையையும் சேர்த்தே தூக்கி அடிமணையில் போடுங்கள். கட்டை பெரிதானால், முதுகின் மேல் மரக்கட்டையால் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் வேண்டாம். இரும்பை இரும்பு அடித்தால் சில்லுத் தெறித்துக் கண்ணில் பாயும். கணு உள்ள பக்கத்தை விட்டுவிடுங்கள். ரப்பர்க் கிளையை வெட்டிய புதிதிலேயே பிளந்துவிடுவது நல்லது; காயக் காயக் கடினமாகும்.

உறை விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு பலகை சேர்த்துக் கட்டிய மர உறை பழசானால் வாய்ப்பக்கம் விரியும். உறையை முழுக் கையால் பொத்திப் பிடித்து உருவினால், கத்தி அந்த விரிசல் வழியே வந்து விரல்களை அறுக்கும். முதுகுப்பக்கமாகப் பிடித்தே உருவுங்கள்.

இன்னொன்று, சட்டம். 1958-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, நியாயமான காரணமின்றிப் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பது குற்றம். காட்டுக்குப் போகும்போது கத்தி கருவி. அதே கத்தி பஸ் நிலையத்தில் இடுப்பில் தொங்கினால் போலீஸ்காரர் கேள்வி கேட்பார். ஆகவே டவுனுக்குப் போய்ப் புதுக்கத்தி வாங்கினால், சாக்கில் சுற்றிக் கட்டி, ரசீதையும் கையில் வைத்துக்கொண்டு, வழியில் நில்லாமல் நேரே வீட்டுக்கு வந்து சேருங்கள். இளைஞர்களுக்கு இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

மூன்று கத்திகளை இங்கே மேசைமேல் வைத்திருக்கிறேன். ஒன்று நல்லது, இரண்டு ஆகாதவை. எது எதுவென்று நான் சொல்லப்போவதில்லை. தாய்மார்கள் முதலில் வந்து கையில் எடுத்துப் பாருங்கள்.