அரை கிரவுண்ட்காரருக்கு ஒரு நியாயம், அடுக்குமாடிக் கடைக்கு ஒரு நியாயமா?

(தி.நகர் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்வாங்க. நம்ம ஊர்ல அதுகூட இன்னொண்ணும் சேர்க்கணும்: பிளான் அப்ரூவல் வாங்கிப்பார்!

நல்லதை நல்லதுன்னு சொல்லிடுவோம். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரைக்கும் மனை, 3,500 சதுர அடி வரைக்கும் கட்டடம், தரைத்தளமும் முதல் மாடியும். இதற்குள் அடங்கினால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கலாம். யார் மேசையிலும் ஃபைல் தூங்க வேண்டியதில்லை. இதை வரவேற்கிறோம்.

ஆனா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. 2019 கட்டட விதிகளின்படி தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 4,800 சதுர அடி வரை கணக்கு வரும். மயிலாப்பூரில் அப்பா விட்டுப்போன ஒரு கிரவுண்டில் அண்ணன், தம்பி, தங்கச்சி மூணு பேரும் ஆளுக்கொரு மாடி கட்டணும்னா, 2024 ஜூலையில் வந்த அந்தச் சுயசான்று அளவுகளில் இடமில்லை. பழைய வரிசைக்குத்தான் போகணும். இந்த ஊரில் மனை விலைக்கு, ஒரு மாடியோட நிறுத்திக்கச் சொன்னா யாருக்குக் கட்டுப்படியாகும்? கடைசியில் மனையை வித்துட்டு ஊருக்கு வெளியே போறாங்க.

அடையாறில் பழைய ஃபிளாட்டுகளின் கதை வேற. முன்பு ஒருத்தர் மறுத்தாலும் இடித்துக் கட்டும் வேலை அப்படியே நின்றுபோகும். 2022-ல் இயற்றி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும். வழி திறந்தாச்சு. ஆனால் மறுகட்டுமான அனுமதி தள்ளிப்போனால், அத்தனை மாதமும் வெளியே வாடகை கட்டுவது யார்? ஓய்வூதியத்தில் வாழும் பெரியவங்கதான்.

அப்போ விதியே வேண்டாமா? அப்படி நாங்க சொல்லவே இல்லை. 2014 ஜூன் 28-ல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர் போச்சு. 2015 டிசம்பரில் அடையாறு ஆறு வீட்டுக்குள்ளே வந்தது. 2017 மே 31-ல் இதே உஸ்மான் சாலையில் பல மாடித் துணிக்கடை எரிந்ததை நீங்களே பார்த்தீங்க. பக்க இடைவெளி, தீயணைப்பு வண்டிக்கு வழி, மழைநீர்ச் சேகரிப்பு, எல்லாமே நம்ம உயிருக்குக் காவல்.

அந்தக் காவல் யார் வாசலில் நிக்குதுங்கறதுதான் நம்ம கேள்வி. 1998-ல் நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து, பணம் கட்டினால் விதிமீறல் கட்டடத்தை வரன்முறை செய்யலாம் என்றார்கள். ஒரு தடவைதான் என்று ஆரம்பித்ததைத் திரும்பத் திரும்ப நீட்டினார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. விதியை மீறியவருக்கு வருஷக்கணக்கில் வழி தேடிக் கொடுத்தாங்க. விதிப்படி கட்ட நினைத்தவர் மட்டும் ‘நாளைக்கு வாங்க’ன்னு நடையாய் நடந்தார். இது நியாயமா?

எங்கள் கோரிக்கைகள் நான்கு:

1. ஒரு கிரவுண்டில் மூன்று குடும்பம் வாழக் கட்டும் வீட்டுக்கும் எளிய அனுமதி முறை வேண்டும்.

2. குறை இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில், எழுத்தில் சொல்ல வேண்டும். ஒண்ணு சரிசெய்தால் இன்னொண்ணு கிளப்பக் கூடாது.

3. கெடு தேதி தாண்டினால், காரணத்தை விண்ணப்பதாரருக்கு அதிகாரி எழுதித் தரவேண்டும்.

4. பெரிய வணிகக் கட்டடங்களை, கட்டும்போதே நேரில் ஆய்வு செய்து அறிக்கையை வெளியிட வேண்டும்.

ஒரு வேண்டுகோள். சுயசான்றில் கையெழுத்துப் போடுவது நீங்கள். அளவு தப்பா இருந்தா பொறுப்பும் உங்களுடையதுதான். பதிவு பெற்ற பொறியாளரிடம் வரைபடம் வாங்குங்கள். பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றிலும் அளவு ஒத்துப்போகுதான்னு முதலில் பாருங்கள். ‘நான் பார்த்துக்கறேன்’ என்று வரும் இடைத்தரகரிடம் பத்து பைசா கொடுக்காதீங்க. ரசீது இல்லாத பணம் எதற்குமே கிடையாது.

சொந்த மண்ணில் சொந்த வீடு கட்டுவது சலுகை இல்லை, உரிமை!



#வீடுகட்டும்_உரிமை #தென்சென்னை