ஜன்னல் திரையும் குடும்பச் செலவும்

ஜன்னல் என்பது போர்த்துக்கீசியர் நமக்கு விட்டுச் சென்ற சொல். அதற்கு முன்னரே தமிழில் காலதர், சாளரம், பலகணி என்னும் சொற்கள் வழங்கி வந்தன. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழியே காலதர். சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளைக் கூறுமிடத்தில், மானின் கண்போன்ற துளைகள் அமைந்த காலதர்களையும் கூறுகிறது. காற்று தடையின்றி வரவேண்டும், வெளியார் பார்வை நேரே உள்ளே விழலாகாது என்னும் இரண்டு தேவைகளையும் நம் முன்னோர் ஒரே அமைப்பில் நிறைவேற்றிக்கொண்டனர். வெயிலைத் தடுப்பது மூன்றாவது தேவை. இம்மூன்றையும் மனத்திற்கொண்டே, இன்று நம் வாசலுக்கு வரும் புதிய திரைகளின் மதிப்பை ஆராய வேண்டும்.

மைசூர் நகரின் வடமேற்கே உள்ள ஹெப்பாள், தொழிற்சாலைகளும் கணினி நிறுவனங்களும் நிறைந்த பகுதி. வேலையை முன்னிட்டு வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியோர் இங்கே பலர். தமிழரும் அவர்களுள் உள்ளனர். புது வீட்டில் பால் காய்ச்சிய சூட்டோடு, ஜன்னலுக்கு அளவெடுத்துத் திரை அமைத்துத் தருகிறோம் என்று கூறுவோர் வந்துவிடுகின்றனர். துணியைச் சுருட்டி ஏற்றும் சுருள் திரை, மரத்தாலோ அலுமினியத்தாலோ ஆன படுக்கைப் பட்டைத் திரை, செங்குத்தாகத் தொங்கும் பட்டைத் திரை என்று மாதிரிகளை விரித்துக் காட்டுகின்றனர். பார்ப்பதற்கு அழகாகவே இருக்கின்றன. வீடு முழுவதற்கும் போட்டுவிட வேண்டும் என்னும் ஆசையும் எழுகின்றது. அந்த ஆசைக்கு இசையுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உள்ளன.

முதற் கேள்வி: ஜன்னல் எந்தத் திசையை நோக்கியது? மைசூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நண்பகற் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கிறான். அந்நாட்களில் வடக்கு ஜன்னலிலும் தெற்கு ஜன்னலிலும் நண்பகல் வெயில் படுவதில்லை. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்தாலும், ஜன்னலுக்கு மேலுள்ள இரண்டடிச் சன்ஷேடு, நண்பகலில் ஏறத்தாழ இரண்டேமுக்கால் அடிக்கு நிழல் தந்துவிடும். எஞ்சிய வெயிலும் மார்கழிக் குளிருக்கு இதமானதே.

மேற்கு ஜன்னலின் செய்தி வேறு. கோடையில் மாலை 5 மணிக்குச் சூரியன் வெகுவாகத் தாழ்ந்துவிடுகிறான். அப்பொழுது அதே இரண்டடிச் சன்ஷேடு ஓரடி நிழல்கூடத் தருவதில்லை. வெயில் நேரே உள்ளே நுழைந்து, எதிர்ச் சுவர் வரையில் நீண்டு, கட்டிலையும் புத்தக அலமாரியையும் காய்ச்சுகிறது. கிழக்கு ஜன்னலிலும் காலையில் இவ்வாறே. ஆகவே ஒரு வீட்டில் ஏழு ஜன்னல்கள் இருந்தாலும், திரை இன்றியமையாதவை இரண்டோ மூன்றோதான். மற்றவற்றிற்குத் தேவை மறைவு மட்டுமே. அதற்குச் சாதாரணத் துணித் திரை போதும்.

இரண்டாவது கேள்வி: திரை எங்கே தொங்கப் போகிறது? சாதாரண ஒற்றைக் கண்ணாடி, தன்மேல் நேரே படும் வெயில் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உள்ளே விட்டுவிடும். கண்ணாடிக்கு உட்புறம் தொங்கும் திரை, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட வெப்பத்தையே எதிர்கொள்கிறது. வெண்ணிறமாயின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். கருநிறமாயின் தானே சூடேறி அறைக்குள் வெப்பத்தை உமிழும். வெளிப்புறத்தில் தொங்கும் தட்டியோ, வெயிலைக் கண்ணாடியை நெருங்குமுன்னரே தடுத்துவிடுகிறது. நம் ஊர்த் தாழ்வாரங்களில் மூங்கில் தட்டியும் ஓலைத் தட்டியும் வெளி ஓரத்தில் கட்டப்பட்டதன் பொருள் இதுவே. தில்லியில் வாழும் நம்மவர் அதனைச் 'சிக்' என்று அறிவர். கல்கத்தாவின் பழைய வீடுகளில் மரப்பட்டைகள் வரிசையாகப் பதித்த ஜன்னற் கதவுகளைக் கண்டிருப்போரும் இவ்வுண்மையை எளிதில் உணர்வர்: வெயில் வெளியிலேயே நின்றுவிடும், காற்று இடுக்குகள் வழியே உள்ளே வரும்.

காற்றைப் பற்றி இங்கே தனியே சொல்ல வேண்டும். மைசூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,500 அடி உயரத்தில் இருப்பதால் மாலைக் காற்று நன்றாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தக் காற்று வருவது மேற்குத் திசையிலிருந்தே. வெயிலுக்காக நாம் அடைக்க விரும்பும் ஜன்னலே காற்றுக்காக நாம் திறக்க விரும்பும் ஜன்னலும் ஆகிறது. அங்கே கெட்டித் துணியாலான சுருள் திரையை இறக்கிவிட்டால் காற்று நின்றுபோகும். அல்லது காற்று வேகத்தில் திரை கிராதியில் மோதிப் படபடவென்று அடிக்கும். பிறகு மின்விசிறியைச் சுழலவிட்டு, ஜன்னல் தரவேண்டியதை மின்சாரத்திடம் விலைக்கு வாங்க வேண்டியதுதான். மேற்கு ஜன்னலுக்குப் பட்டைகளைச் சாய்க்கக்கூடிய திரையோ மூங்கில் தட்டியோ ஏற்றது என்பதற்குக் காரணம் இதுதான்.

பம்பாய் போன்ற கடற்கரை நகரங்களில் வாழ்வோர் மழைக்கால ஈரத்தையும் எண்ண வேண்டும். துணித் திரையும் மூங்கிலும் அங்கே விரைவில் பூசணம் பிடிக்கும். தில்லியின் வறண்ட கோடைக்கு நனைத்த வெட்டிவேர்த் தட்டி அருமருந்து. ஈரம் மிகுந்த கடற்கரையில் அதனால் அவ்வளவு பயன் இல்லை. ஊருக்கு ஊர் திரை மாறத்தான் வேண்டும்.

மூன்றாவது கேள்வியே நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்தோர்க்கு முதன்மையானது: இந்த வீட்டில் எத்தனை ஆண்டுகள் இருப்போம்? அளவெடுத்துச் செய்த திரை அந்த ஒரு ஜன்னலுக்கே உரியது. மாற்றல் உத்தரவு வந்தால் கட்டிலும் பாத்திரமும் நம்முடன் வரும். அடுத்த வீட்டு ஜன்னல் அரையடி அகலமாயின் அந்தத் திரை வந்தும் பயனில்லை. வீட்டுக்காரர் அதற்கு விலை தருவார் என்று எதிர்பார்ப்பதற்கும் இல்லை.

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஜன்னல் ஒன்று நாலடி அகலம், ஐந்தடி உயரம் என்றால் 20 சதுர அடி. சதுர அடிக்கு 200 ரூபாய் என்று ஓர் உத்தேச விலையை வைத்துக்கொண்டால், ஏழு ஜன்னல்களுக்கு 28,000 ரூபாய் ஆகும். மூன்று ஆண்டுகளில் வீட்டைக் காலிசெய்தால், மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 778 ரூபாய்; இது வாடகையின்மேல் நாமே ஏற்றிக்கொண்ட கூடுதல் வாடகை. மேற்கே உள்ள இரண்டு ஜன்னல்களுக்கு மட்டும் போட்டால் செலவு 8,000 ரூபாய்தான். சொந்த வீடாக இருந்து பத்தாண்டுகள் உழைத்தால், அது மாதம் 67 ரூபாய் அளவில் முடிந்துவிடும். அதே திரை, அதே விலை. ஆயினும் ஒருவருக்கு வீண்செலவாவது மற்றொருவருக்குச் சிக்கனமாகிறது.

துணித் திரையிலும் செலவு இல்லாமல் இல்லை. மடிப்பு அழகாக விழவேண்டுமானால் ஜன்னலின் அகலத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு துணி வேண்டும். ஆனால் அதனைத் துவைக்கலாம். அடுத்த வீட்டிற்கேற்ப மடித்துத் தைக்கலாம். கிழிந்தால் தலையணை உறையாக்கலாம். வாடகை வீட்டில் வாழ்வோர்க்கு இக்குணங்கள் பெரிய ஆறுதல்.

அளவெடுத்த திரையே வேண்டும் என்று முடிவு செய்தோர் கவனிக்க வேண்டியவை சில. ஜன்னற் சட்டத்தின் உள்ளே பொருத்துவதாயின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து, சிறிய அளவையே கொள்ளவேண்டும். சுவர்கள் எப்போதும் நேராக இருப்பதில்லை. கதவு உட்புறம் திறப்பதாயின் திரை அதற்கு இடையூறாகும். விலையில் பொருத்துகூலி அடங்குமா, சிறிய ஜன்னலுக்கும் குறைந்தபட்சப் பரப்பு என்று கூட்டி வாங்குவார்களா, கயிறோ பட்டையோ அறுந்தால் பழுதுபார்ப்பார்களா என்பவற்றை எழுத்தில் பெறுவது நன்று. மெல்லிய வலைத்துணித் திரை பகலில் வெளியார் பார்வையை மறைக்கும். இரவில் உள்ளே விளக்கு எரியும்போது அந்த மறைவு இராது.

இவை எல்லாவற்றிலும் மேலான செய்தி ஒன்று உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் திரையின் தொங்கு கயிறு உயிருக்கே ஆபத்து. வளையமாகத் தொங்கும் கயிறு கழுத்தில் சிக்கிக் குழந்தைகள் இறந்த நிகழ்ச்சிகள் பல நாடுகளில் நேர்ந்துள்ளன. அமெரிக்காவில் ஆயத்தமாக விற்கப்படும் திரைகளில் இத்தகைய கயிறுகளை நீக்கும் தரவிதி 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அளவெடுத்துச் செய்யும் திரைகளுக்கும் அத்தகைய கட்டுப்பாடு 2024 ஜூனில்தான் விரிந்தது. எனவே விலை மிகுந்தது, நமக்கென்றே செய்தது என்பதனால் மட்டும் அது பாதுகாப்பானது என்று எண்ணிவிடலாகாது. கயிறில்லாத திரையைக் கேட்டு வாங்குவோம். கயிறு இருந்தே தீருமாயின் அதனைச் சுவரோடு இறுக்கிக் கட்டுவோம். கட்டிலையும் தொட்டிலையும் அந்த ஜன்னலை விட்டு அகற்றிப் போடுவோம்.

சுருங்கக் கூறின், மேற்கு வெயில் காயும் ஜன்னலுக்கு, நீண்ட காலம் வாழப்போகும் வீட்டில், காற்றை மறிக்காததும் கயிறில்லாததுமான திரையை அளவெடுத்துச் செய்வது தகும். மற்ற ஜன்னல்களுக்குத் துணியும் தட்டியும் தாராளமாகப் போதும். கடைக்காரர் அளவுநாடாவை விரிக்குமுன், ஒரு நாள் காலையிலும் மாலையிலும் வெயில் வீட்டில் எங்கெங்கே விழுகிறது என்று பார்த்துச் சாக்கட்டியால் தரையில் குறித்துவைப்போம். எந்த ஜன்னலுக்குச் செலவிடலாம் என்பதை அந்தக் கோடுகளே நமக்குச் சொல்லிவிடும்.