கூட்டுக் குறிப்பேடு யாருடைய சொத்து?



பருவத் தேர்வு நெருங்கும்போது தில்லிப் பல்கலைக்கழக மாணவர்களின் கைப்பேசிகளில் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள் பெருகுகின்றன. பாடத்திட்டத்தை ஆளுக்கோர் அலகாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் சுருக்கம் எழுதுகிறார். இன்னொருவர் பழைய வினாத்தாள்களைத் தொகுத்து, மீண்டும் மீண்டும் வரும் வினாக்களைக் குறிக்கிறார். நள்ளிரவில் ஒரே கூகுள் ஆவணத்தைப் பத்துப் பேர் திருத்துகிறார்கள். விடையை இந்தியில் எழுதலாம். நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆகவே ஆங்கிலம் அறிந்தவர் குரல் பதிவு செய்து இந்தியில் விளக்குகிறார். கூலி எவரும் கேட்பதில்லை.

இதையும் காப்பியடித்தலையும் ஒன்றாகப் பேசுவோர் உண்டு. அது தவறு. தேர்வறையில் பார்த்தெழுதுவது வேறு, கூடிப் படிப்பது வேறு.

இந்தப் பகிர்வுக்கு ஒரு போராட்ட வரலாறு உண்டு. தில்லிப் பொருளாதாரப் பள்ளி வளாகத்திலுள்ள இராமேஸ்வரி ஒளிநகல் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. நூல்களின் பகுதிகளை நகலெடுத்துப் பாடத்தொகுப்பாகத் தந்ததே குற்றமாம்! மாணவர்களும் ஆசிரியர்களும் அமைப்பாகத் திரண்டு வழக்கில் தம்மை இணைத்துக்கொண்டார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதை மீறலாகக் கொள்வதில்லை. 2016 செப்டம்பர் 16 அன்று தில்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பதிப்புரிமை தெய்வம் தந்த உரிமையுமன்று, இயற்கை உரிமையுமன்று என்றது. டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு சில கேள்விகளை விசாரணைக்குத் திருப்பினாலும் அக்கொள்கையை ஏற்றது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே கைவிட்டன.

இன்றைய வேலி வேறு வடிவில் வருகிறது. மாணவர் எழுதிய குறிப்பு வணிக இணையதளங்களில் ஏறுகிறது. முதற்பக்கம் தெரியும், அடுத்தது மங்கலாக்கப்பட்டிருக்கும். சந்தா செலுத்தினால், அல்லது சொந்தக் குறிப்பைக் கொடுத்தால் திறக்கும். மாணவரின் ஊதியமில்லா உழைப்பு, இன்னொரு மாணவரிடமே விற்கப்படும் சரக்காகிறது.

கைப்பேசியே இல்லாதவர் இந்தக் குழுக்களுக்கு வெளியே நிற்கிறார். தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்கெடுப்பில் இணைய வசதி பெற்ற குடும்பங்கள் நகர்ப்புறத்தில் 42 விழுக்காடு, கிராமப்புறத்தில் 15. கணினி 23, 4. இந்நிலையில்தான் 2020 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் இறுதியாண்டினருக்கு இணையவழித் திறந்த புத்தகத் தேர்வு நடத்தியது. அலைவரிசையைத் தேடியவர்களுக்கு அதன் பொருள் தெரியும்.

ஒன்றிய அரசு 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. சுமார் 13,000 ஆய்விதழ்கள் கிடைக்குமாம். ஆய்வாளருக்கு அது பயன்படும், மறுப்பதற்கில்லை. ஆனால் பணம் பெரும் பதிப்பகங்களுக்குப் போகிறது; இளங்கலை மாணவர் கேட்பதோ தாய்மொழியில் ஒரு நல்ல பாடநூல்.

கூட்டுக் குறிப்பில் பிழையும் கூட்டாகவே பரவும். ஒரு தவறான ஆண்டு நாற்பது விடைத்தாள்களில் ஏறும். ஆகவே துறை நூலகமே இக்குறிப்புகளைத் தன் கணினியில் இலவசமாக வைக்க வேண்டும். ஆசிரியர் ஒருவர் பிழை பார்க்க வேண்டும். அச்சுப் படிகள் வாசிப்பறையில் இருக்க வேண்டும். மாணவர் இயக்கம் இக்கோரிக்கையைத் துறைதோறும், தேர்வு வாரத்தில் அன்று, பருவத்தின் முதல் வாரத்திலேயே எழுப்ப வேண்டும்.