பறிக்காத மலர்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

சமண நெறிக்கும் மலருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஆறாம் தீர்த்தங்கரர் பத்மபிரபரின் இலாஞ்சனம் செந்தாமரை. இருபத்தோராம் தீர்த்தங்கரர் நமிநாதரின் இலாஞ்சனம் நீலோற்பலம். சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைப் பொய்கை தீட்டப்பெற்றுள்ளது. 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. அந்நாளில் குளங்களில் பூத்த தாமரைகள் அந்நாளிலேயே வாடின. விதானத்துத் தாமரையோ சிதைவுற்றும் வாடவில்லை.

அன்று சுண்ணச் சுவரில் நிகழ்ந்த செயல் இன்று டேப்லெட் என்னும் கையடக்கக் கணினியின் திரையில் நிகழ்கிறது. இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹாக்னி, எழுபது வயதைக் கடந்த பின்னர், கைப்பேசியிலும் ஐபேடிலும் மலர்களை வரைந்து நண்பர்களுக்கு அனுப்பிவந்தார். 2010-இல் பாரிசு நகரில் அம்மலர்களே ஒரு கண்காட்சியாயின. ஆகவே, இது சிறுவர் விளையாட்டு என்று முதியோர் ஒதுக்கவேண்டியதில்லை.

இக்கலை தேனி மாவட்டத்திற்கு ஏன் வேண்டும்? விடை போடிநாயக்கனூருக்கு மேலே, கொழுக்குமலையில் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. அடுத்த பூப்பு 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. அச்செடி வாழ்நாளில் ஒருமுறையே பூக்கும். பூத்து, விதை ஈன்று, மடிந்துவிடும். மல்லிகையைப் பறித்தால் மறுநாள் வேறொன்று மலரும். குறிஞ்சியைப் பறித்தாலோ, பன்னிரண்டு ஆண்டு காத்திருந்த உயிரின் வித்து அழியும்; அடுத்த பூப்பில் அங்கு நிற்கவேண்டிய செடியும் அழியும். காண வருவோர் ஆளுக்கு ஒரு கொத்து என்று ஒடித்தால் மலை எதைக் கொண்டு மீண்டும் நீலம் உடுக்கும்?

செடிகொடிகள் ஓரறிவுயிர் என்பது சமணர் கொள்கை. தொல்காப்பிய மரபியலும் புல்லையும் மரத்தையும் ஓரறிவினவாகவே வகுக்கிறது. நாவல் மரத்தடியில் நின்ற அறுவர் கதையை இந்த அவை அறியும். ஒருவன் மரத்தை வேரோடு வெட்ட எண்ணினான். பெருங்கிளை, சிறுகிளை, கொத்து, கனி என்று மற்றவர் ஆசை படிப்படியாகச் சுருங்கியது. ஆறாமவனோ உதிர்ந்த கனியே போதும் என்றான். அவனுடையதே வெண்ணிற இலேசியை. மலரைச் செடியில் விட்டு, அதன் உருவை மட்டும் எடுத்துச் செல்பவன் ஆறாமவனின் பக்கத்தில் நிற்கத் தகுந்தவன்.

பூசையில் மலர் சாத்துவோரும் உளர். மலருக்கு ஈடாக நிறமேற்றிய அரிசியைச் சாத்துவோரும் உளர். எது சிறந்தது என்பது இவ்வுரையின் பொருளன்று. ஒரு பூவைத் தொடுமுன் அதை முழுதாகப் பார்த்ததுண்டா என்பதே கேள்வி.

வரைதல் அப்பார்வையைத் தருகிறது. போடி ஏலக்காய்ச் சந்தையை அறியாதார் இல்லை. ஏலப்பூவை அறிந்தார் எத்தனை பேர்? அது செடியின் உச்சியில் பூப்பதில்லை. அடியில், மண்ணை ஒட்டிய சரத்தில் பூக்கும். வெண்ணிற இதழில் ஊதாக் கோடுகள் ஓடும். குனிந்து பார்த்தாலன்றி அதை வரைய இயலாது. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பூ அதனினும் சிறிது.

திரையில் எழுதுகோலை அழுத்தினால் கோடு தடிக்கும். மெல்லத் தொட்டால் மெலியும். தண்டை ஓர் அடுக்கிலும் இதழை வேறோர் அடுக்கிலும் வரைந்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று கெடாது. பிழைபட்ட கோட்டை நொடியில் நீக்கலாம். பறித்த பூவை மீண்டும் காம்பில் ஒட்ட எவராலும் இயலாது.

எனினும் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். தொட்டவுடன் ஆயத்தப் பூக்களைப் பதிக்கும் தூரிகைகள் அக்கருவியில் உண்டு. அவற்றால் திரை நிறையும், கண் நிறையாது. மற்றொன்று, கருவியும் ஓர் உடைமையே. அதன் உலோகம் மண்ணைத் தோண்டி எடுக்கப்படுகிறது. அதற்கும் உயிர்ச்சேதம் உண்டு. அபரிக்கிரகம் போற்றுவோர் புதிது புதிதாக வாங்காமல், வீட்டில் உள்ள கருவியையே நெடுநாள் பேணிப் பயன்படுத்துக. பழைய கைப்பேசியும் போதும்.

உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் ஓராயிரம் ஆண்டாக அமர்ந்திருக்கின்றன. அவற்றின் எதிரே, இப்பள்ளத்தாக்கில் பூத்து உதிர்ந்த மலர்களுக்குக் கணக்கில்லை. 2030-இல் இவ்வூர்ப் பிள்ளைகள் கொழுக்குமலை ஏறட்டும். ஒரு செடியின் முன் அமர்ந்து, ஒரு குறிஞ்சியை வரைந்து, வெறுங்கையோடு இறங்கட்டும். அவர்கள் விட்டுவந்த பூ விதையாகும். 2042-இல் வருவோர்க்கும் மலை நீலமாக இருக்கும்.

அகிம்சையே பரம தர்மம்.