இருட்டு மாதங்கள்

டிசம்பர் 21ஆம் திகதியளவில் கனடாவின் ஸ்காபரோவில் பகல் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. அதே நாளில் யாழ்ப்பாணத்தில் பதினொன்றரை மணித்தியாலம்! விடியமுன் வேலைக்குப் போய், பின்னேரம் இருட்டோடு பேஸ்மென்ட் வீட்டுக்குத் திரும்புகிறவர் சூரியனையே காண்பதில்லை. நித்திரை கூடும், மாச்சாப்பாட்டில் ஆசை கூடும், ஆட்களைக் காண மனம் வராது. சோம்பல் என்று வீட்டில் ஏச்சு விழும். சிலருக்கு இது உண்மையில் வருத்தம்.

1984இல் இந்தக் குளிர்கால மனச்சோர்வுக்குப் பெயர் வைத்து ஆய்வு வெளியிட்டவர் நோர்மன் ரோசென்தால். தென்னாபிரிக்க வெயிலில் இருந்து அமெரிக்காவுக்கு வந்து, குளிர்காலத்தில் தானே சோர்ந்துபோனவர். நம்மைப் போல ஒருவர்தான்.

இதற்கென்றே 10,000 லக்ஸ் வெளிச்ச விளக்குகள் இருக்கின்றன. காலையில் அரை மணித்தியாலம் அதன் முன்னால் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். விளக்கை உற்றுப் பார்க்க வேண்டாம். கண் நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். விளக்கு இல்லையா? மதிய இடைவேளையில் வெளியே நடந்து வாருங்கள். முகில் மூடிய வானம்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம் தரும்.

உயிர் வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால், கனடாவில் 9-8-8 எண்ணை உடனே அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பேசலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.